ஒட்டும் ஓட்டமும்

பரணிலிருந்து பழைய ஹெல்மெட்டை இறக்கியபோது, அதன் தாடையில் அது இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு. அடிப்பக்கம் வளைந்து, ஹெல்மெட்டின் முகவாயோடு பொருந்தி உட்கார்ந்திருந்தது. மேலே கொக்கி நுழைய ஒரு தடம். ஹெல்மெட்டின் ஓடு கீறல்பட்டு, உள்ளே பஞ்சு உதிர்ந்து, கழுத்துப்பட்டை வியர்வையில் விறைத்துப் போயிருந்தது. இந்தத் துண்டு மட்டும் நேற்று ஒட்டியதுபோல் அசையாமல் இருந்தது. நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தேன். நகம்தான் வலித்தது.

இதற்குத் தமிழில் தனிப் பெயர் கிடையாது. கடையில் ‘மவுண்ட்’ என்பார்கள். கேமராவைப் பற்றி நாள் முழுக்கப் பேச ஆள் உண்டு. எத்தனை கே, எத்தனை ஃபிரேம், ராத்திரியில் எப்படி எடுக்கும் என்று அடுக்குவார்கள். அந்தக் கேமராவை மண்டையோடு பிணைத்து வைத்திருக்கும் இந்தச் சின்னத் துண்டைப் பற்றிப் பேச்சு எழுவது, அது கழன்று விழுந்த அன்றைக்கு மட்டும்தான். ஆனால் இந்த வம்சத்தில் மூத்தது கேமரா இல்லை. பிடிமானம்தான் மூத்தது.

கதை 2002இல் தொடங்குகிறது. நிக் வுட்மன் என்ற கலிஃபோர்னியா இளைஞர் இணையத்தில் தொடங்கிய தொழில், டாட்காம் சரிவோடு சேர்ந்து மூழ்கியிருந்தது. மனதை ஆற்றிக்கொள்ள ஆஸ்திரேலியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் அலைச்சறுக்கப் போனார். அலைமேல் நிற்கும்போது தன்னையும் நண்பர்களையும் படம் பிடிக்க ஆசை. கையில் கேமரா இருந்தால் பலகையில் நிற்க முடியாது, பலகையைப் பார்த்தால் கேமரா கடலில் போய்விடும். அலைப் பலகையைக் காலோடு பிணைக்கும் ரப்பர் கயிற்றை எடுத்து, இன்னும் கொஞ்சம் ரப்பரைச் சேர்த்து, சாதாரண ஃபிலிம் கேமராவை மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை செய்தார். அவர் விற்க நினைத்தது அந்தப் பட்டையை மட்டும்தான். கேமராவை யாரிடமாவது வாங்கிக்கொள்ளட்டும் என்பது எண்ணம்.

பட்டை தாங்கியது. கேமரா தாங்கவில்லை. அலை அடித்த அடியில் கேமராக்கள் ஒவ்வொன்றாக உடைந்தும், தண்ணீர் புகுந்தும் போயின. அப்போதுதான், பட்டைக்கு ஏற்ற கேமராவையும் தானே விற்க வேண்டும் என்று அவருக்கு உறைத்தது. தாலிக்கயிறு முதலில் வந்து, அதற்கேற்ற மாப்பிள்ளையைப் பின்னால் தேடிய கதை. ஊர் திரும்பி, பாலியில் வாங்கிய சிப்பிப் பாசி பெல்ட்டுகளை வேனில் வைத்துக் கலிஃபோர்னியக் கடற்கரையோரம் விற்றார். அம்மாவின் தையல் இயந்திரத்தில் பட்டைகளைத் தைத்துப் பார்த்தார். பெற்றோரிடம் கடன் வாங்கினார். 2004 செப்டம்பரில் சான்டியாகோ நகரில் நடந்த விளையாட்டுச் சாமான் வணிகக் கண்காட்சியில் கோப்ரோ என்ற பெயரில் அவருடைய முதல் கேமரா வெளியே வந்தது. அது 35 மி.மீ. ஃபிலிம் போட்ட சாதாரண கேமரா. விசேஷமெல்லாம் அதைக் கையில் பிணைத்திருந்த பட்டையில்தான் இருந்தது.

2006இல் டிஜிட்டலுக்கு மாறி, பத்து விநாடி வீடியோ எடுத்தது, சத்தம் இல்லாமல். மணிக்கட்டிலிருந்து அதை இறக்கியது கடல் அல்ல, கார். பந்தயக் கார் ஓட்டப் பழகப் போன வுட்மன், காருக்குள் இருந்த கம்பியில் தன் கேமராவைக் கட்டிப் பார்த்தார். கையில் கட்டியிருந்தவரை அதுவும் கைக்கடிகாரத்தின் ஒரு தம்பிதான். கம்பியில் கட்டியதும் அது எங்கே வேண்டுமானாலும் ஏறக்கூடிய ஒன்றாகிவிட்டது. 2009இல் எச்.டி. கேமரா வந்தபோது ஹெல்மெட், கைப்பிடி, மார்பு, கார்க் கூரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிமானம் கூடவே வந்தது.

தலையில் கேமராவைக் கட்டும் யோசனைக்கு வுட்மன் சொந்தக்காரர் இல்லை. அதே சான்டியாகோவில் 1987இலேயே மார்க் ஷுல்ஸ் என்ற படப்பிடிப்பாளர் மலைச் சைக்கிள் பற்றிய வீடியோ ஒன்றுக்காக ஒரு காரியம் செய்தார். அவர் தேர்ந்தெடுத்தது சைக்கிள் ஹெல்மெட் அல்ல, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். கனத்தைத் தாங்க வேறெதுவும் தோதுப்பட்டிருக்காது. அதில் வீடியோ கேமராவைப் பொருத்தி, வயரை இழுத்து, முதுகுப் பையில் மெத்தை வைத்துப் பொதிந்த வி.எச்.எஸ். ரெக்கார்டரோடு இணைத்தார். அந்தச் சுமையோடு சைக்கிளில் மலையிறங்கினார். கல்யாண வீடியோக்காரர்கள் அந்தக் காலத்தில் தோளில் சுமந்த சாமான் நினைவிருப்பவர்களுக்கு அந்தக் கழுத்து என்ன பாடு பட்டிருக்கும் என்று புரியும்.

ஆக, 1987க்கும் 2009க்கும் இடையில் கேமரா இளைத்தது. ஆனால் இளைத்ததை ஓட்டில் எப்படி நிறுத்துவது? கட்டலாம், திருகலாம், ஒட்டலாம். கட்டினால் ஆடும். திருகினால் ஓட்டில் துளை விழும். ஹெல்மெட்டில் துளை போடுவது குடத்தில் துளை போடுவதற்குச் சமம். மிஞ்சியது ஒட்டுவதுதான்.

ஒட்டுநாடாவின் வேர், வேடிக்கையாக, ஒரு வண்டிப் பட்டறையில்தான் இருக்கிறது. 1920களில் அமெரிக்காவில் இரண்டு வண்ணக் கார்கள் பேஷன். ஒரு வண்ணத்தை அடித்துவிட்டு, அதன்மேல் காகிதத்தைப் பசை போட்டு ஒட்டி மறைத்து, அடுத்த வண்ணத்தை அடிப்பார்கள். காகிதத்தை உரித்தால் முதல் வண்ணமும் கூடவே உரிந்து வரும். மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில், த்ரீ எம் நிறுவனத்தின் உப்புக்காகித மாதிரியைப் பட்டறைக்குக் கொண்டுபோன ரிச்சர்ட் ட்ரூ என்ற ஆய்வக உதவியாளர் பெயின்டர்களின் வசவைக் காதால் கேட்டார். 1925இல் அவர் செய்து கொடுத்ததுதான் மாஸ்கிங் டேப். அந்த நாடாவின் பெருமை அது ஒட்டியதில் இல்லை. சமயத்தில் விட்டதில் இருக்கிறது.

55 ஆண்டு கழித்து, 1980இல், அதே நிறுவனம் நேர் எதிரான ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வி.எச்.பி. என்ற நுரைநாடா. ஆணியும் ரிவெட்டும் செய்கிற வேலையைத் தான் செய்வேன் என்று வந்த நாடா அது. லாரிகளின் பக்கவாட்டுத் தகடுகளையும் பெயர்ப் பலகைகளையும் பிடித்து நிற்கும். பார்வைக்கு இருபக்கமும் ஒட்டும் ஸ்பாஞ்சு நாடா போலிருக்கும், ஆனால் ஸ்பாஞ்சு இல்லை. நாடா முழுக்க அக்ரிலிக்தான். அழுத்தினால் அமுங்கும், இழுத்தால் இழுபடும், அதிர்ச்சியைத் தனக்குள் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். எஞ்சினின் நடுக்கமும் சாலையின் குலுக்கலும் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் இறுகிக் காய்கிற பசை வெடித்துவிடும். இழுபடுகிற பசை தாக்குப்பிடிக்கும். ஹெல்மெட் மவுண்டின் அடியில் இருக்கும் அந்தச் செஞ்சிவப்புத் தாளை உரித்தால் தெரிவது இந்த நாடாதான், அல்லது இதன் ஒன்றுவிட்ட உறவு.

இதற்கு ஒரு குணம் உண்டு, பொறுமை வேண்டும். ஒட்டியதும் பசை ஓட்டின் மேல்பரப்பில் மட்டும்தான் தொட்டுக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களுக்குள் அது மெல்ல வழிந்து இறங்க நேரம் பிடிக்கும். 20 நிமிடத்தில் பாதி வலு. ஒரு நாளில் பத்தில் ஒன்பது பங்கு. முழு வலு வர 72 மணி நேரம், அதுவும் சாதாரண அறை வெப்பத்தில். மாவை அரைத்த கையோடு இட்லி ஊற்றினால் என்ன ஆகும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பைக் விஷயத்தில் மட்டும் மறந்துவிடும். எனக்கும் மறந்தது.

மவுண்டின் இன்னொரு பாதி பிளாஸ்டிக் விரல்கள். கேமராவின் கூட்டில் இரண்டு விரல், கொக்கியில் மூன்று விரல். ஒன்றுக்குள் ஒன்று கோத்து, நடுவே 5 மி.மீ. திருகாணியை விட்டு முறுக்கினால் வேண்டிய கோணத்தில் நிற்கும். நாம் இரு கை விரல்களையும் கோப்பதுபோல ஓர் எளிய ஏற்பாடு. ஒரு நிறுவனத்தின் அச்சில் பிறந்த இந்த விரல்கள் சில வருடங்களில் எல்லோருடைய விரல்களும் ஆகிவிட்டன. சீனாவின் ஷென்ஜென் நகரிலிருந்து டி.ஜே.ஐ.யும் இன்ஸ்டா360யும் போட்டிக்கு வந்தன. கேமராவில் கோப்ரோவோடு மல்லுக்கட்டினாலும், மவுண்டில் அதே இரண்டு விரல் மூன்று விரலுக்கு இடம் கொடுத்தன. பெயரே இல்லாத நூறு பட்டறைகள் அதே அச்சில் பிளாஸ்டிக்கை ஊற்றிக் கப்பலில் ஏற்றின. அப்படித்தான் அது சென்னைக்கு வந்தது.

ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படியின் அடியில் இருந்த கடையில் கேட்டேன். கடைப் பையன் இரண்டு பாலித்தீன் உறைகளை எடுத்துப் போட்டான்.

“ஒரிஜினலாண்ணே, லோக்கலா?”

“ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?”

“ஒரிஜினல ஒட்டினா ஒட்டிக்கும். லோக்கல ஒட்டினா... உங்க அதிர்ஷ்டம்ணே.”

இதைவிட நேர்மையான விற்பனைப் பேச்சை நான் கேட்டதில்லை. கேட்டும், லோக்கலைத்தான் வாங்கினேன். ஐந்து மவுண்ட், நான்கு திருகாணி, ஒரு நீட்டுக் கை, எல்லாம் ஒரே உறையில். பார்க்கவே வயிறு நிறைந்தது.

அன்று சாயங்காலமே ஒட்டினேன். நான் செய்த தவறுகளை இப்போது வரிசையாகச் சொல்ல முடிகிறது, அன்று ஒன்றுகூடத் தெரியவில்லை. முதல் நாள்தான் ஹெல்மெட்டைப் பளபளவென்று ஆக்க டாஷ்போர்டு பாலிஷ் போட்டுத் துடைத்திருந்தேன். அந்தச் சிலிக்கான் படலத்தின்மேல் எந்தப் பசையும் நிற்காது. நாடா ஒட்டியது பாலிஷில், ஹெல்மெட்டில் இல்லை. வளைந்த தாடையில் தட்டையான மவுண்டை வைத்தேன். நடுவில் மட்டும் ஒட்டி, ஓரங்கள் அந்தரத்தில் நின்றன. ஓட்டுகிறவர் கண் பார்க்கிற மாதிரி படம் வர வேண்டுமென்று அந்த நீட்டுக் கையை மாட்டிக் கேமராவை முன்னால் தள்ளினேன். மறுநாள் விடிகாலையில் கிளம்பிவிட்டேன்.

கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் போகும் சாலையில், ஒரு வேகத்தடையைத் தாண்டிய பத்தாவது விநாடியில், தாடை திடீரென்று லேசானது. கண்ணாடியில் பார்த்தால் கேமரா சாலையில் தவளைபோல் குதித்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்த வேன் ஓட்டுநர் நல்லவர், ஒதுங்கிப் போனார். கேமராவின் முன் கண்ணாடியில் ஒரு கீறல். மவுண்ட் முழுசாக இருந்தது. அதன் அடியில் நாடாவும் முழுசாக, ஒரு பொட்டுப் பசைகூடக் குறையாமல் இருந்தது. விட்டது நாடா இல்லை, நான் பூசிய பாலிஷ்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு செ.மீ. அகலம், ஐந்து செ.மீ. உயரம் உள்ள முகத்தை 100 கி.மீ. வேகத்தில் காற்று தள்ளும் விசை ஏறக்குறைய 180 கிராம் எடைக்குச் சமம். கேமராவின் எடை 150 கிராம் சொச்சம். அதாவது இன்னொரு கேமராவை யாரோ கையால் வைத்து அழுத்துகிற மாதிரி. இதெல்லாம் ஒரு பெரிய விசையே இல்லை. நல்ல நாடா இதைப்போல் பல மடங்கைத் தாங்கும், நேராக இழுத்தால். ஆனால் எந்த நாடாவுக்கும் ஓரத்திலிருந்து உரிப்பது பலவீனம். இறுகிய டப்பா மூடியை மேலே பிடித்து இழுத்தால் வராது, கரண்டிக் காம்பை ஓரத்தில் கொடுத்து நெம்பினால் ‘டப்’பென்று வரும். என் நீட்டுக் கைதான் அந்தக் கரண்டிக் காம்பு. கேமரா எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, ஒவ்வொரு குலுக்கலும் அவ்வளவு அதிகமாக ஓரத்தை நெம்பும்.

எங்கே வைப்பது என்பதிலும் ஒரு சரித்திரம் இருக்கிறது. முதலில் எல்லோரும் உச்சியில்தான் வைத்தார்கள். குழந்தைகள் டி.வி.யில் வரும் டெலிடபீஸ் போல ஒரு கொம்போடு திரிந்தார்கள். உச்சியில் காற்று நேராக அடித்துத் தலையைப் பின்னால் தள்ளும். படத்தில் சாலை எங்கோ கீழே கிடக்கும். பிறகு பக்கவாட்டுக்கு வந்தது. ஒரு பக்கம் கனத்துக் கழுத்து கோணும், திரும்பிப் பார்க்கும்போது காற்று பிடித்து இழுக்கும். கடைசியில் தாடைக்கு வந்து சேர்ந்தது. கண்ணுக்குச் சற்றுக் கீழே என்பதால் கைப்பிடி, மீட்டர், சாலை மூன்றும் படத்தில் விழும், பார்க்கிறவருக்குத் தானே ஓட்டுவதுபோல் இருக்கும். யூடியூபில் நம் பையன்கள் ஊர் ஊராகப் போய்ப் பதிவேற்றுகிற வீடியோக்களில் பெரும்பாலும் இந்தத் தாடைப் பார்வைதான். அரைமுக ஹெல்மெட்டில் தாடையே இல்லை என்பதால், கேமரா ஆசையில் முழுமுக ஹெல்மெட்டுக்கு மாறியவர்கள் சிலரை எனக்குத் தெரியும். ஆசை அந்த அளவுக்காவது நல்லது செய்தது.

இரண்டாம் முறை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில், என் ஹெல்மெட் மாடலின் தாடை வளைவுக்கென்றே வார்த்த மவுண்டைத் தேடி வாங்கினேன். கடைக்காரர் நரைத்த மீசைக்காரர். ஹெல்மெட்டை வாங்கி, தாடையில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “இது மேட் ஃபினிஷ் தம்பி. பளபளப்பா இருந்தா நல்லாப் புடிக்கும், இது கொஞ்சம் படுத்தும். அவசரப்படாதீங்க, மூணு நாள் வண்டியத் தொடாதீங்க” என்றார். வண்டியைத் தொடாமல் மூன்று நாள் இருக்கச் சொன்ன பைக் கடைக்காரர் அவர் ஒருவர்தான்.

இந்த முறை, சோப்புத் தண்ணீரில் தாடையைக் கழுவினேன், இரண்டு முறை. பெட்ரோலையோ தின்னரையோ தொடவில்லை. பாலிகார்பனேட் ஓட்டை அவை உள்ளுக்குள் அரித்து, வெளியே ஒன்றும் தெரியாமல் நொறுங்க வைத்துவிடும். பெயின்டர்கள் எதற்கெடுத்தாலும் தின்னரை நீட்டுவார்கள், வாங்கிவிடக் கூடாது. நன்றாகக் காய்ந்தபின், மவுண்டை ஒட்டாமல் வைத்துப் பார்த்துப் பென்சிலால் நான்கு மூலையும் குறித்தேன். காற்றுத் துவாரத்தை அடைக்கிறதா, முகக்கண்ணாடியைத் தூக்கினால் இடிக்கிறதா என்று பார்த்தேன். மனைவியின் ஹேர் டிரையரால் ஓட்டையும் நாடாவையும் வெதுவெதுப்பாக்கினேன், சுடும் அளவுக்கு அல்ல. தாளை உரித்தபின் பசையில் விரல் படாமல் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, பரோட்டா மாவைத் தட்டுகிற கணக்கில் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி, ஒரு நிமிடம். பிறகு ஹெல்மெட்டை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். மூன்று நாள்.

நான்காம் நாள் கேமராவை மாட்டினேன். நீட்டுக் கை இல்லை. மிகக் குட்டையான இணைப்பு, கேமரா தாடையை ஒட்டி நிற்கும்படி. தலைகீழாகத் தொங்கவிட்டால் இன்னும் ஒட்டி நிற்கும், படத்தைக் கேமராவே நிமிர்த்திக்கொள்ளும். கொக்கி தடத்தில் ‘க்ளிக்’ என்று உட்கார்ந்ததும், அதன் பின்னால் இருக்கும் இடைவெளியில் ஒரு சின்ன ரப்பர் துண்டைச் செருக வேண்டும். பெட்டிக்குள் இருந்தும் பெரும்பாலோர் தூக்கிப்போடுகிற துண்டு அது. கொக்கியின் இரண்டு காதுகளும் குலுக்கலில் உள்பக்கம் அமுங்கிக் கழன்றுகொள்ளாமல் தடுப்பது அதுதான். திருகாணியைக் கையால் முறுக்கினால் வழியில் தளரும், சின்ன ஸ்பேனரால் கால் சுற்று கூட வேண்டும். அரைச் சுற்று கூடினால் பிளாஸ்டிக் விரல் விரியும். சோதனை எளிது. கேமராவைப் பிடித்து ஆட்டினால் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆட வேண்டும், கேமரா மட்டும் ஆடினால் படமும் நடுங்கும், மவுண்டும் நாளைக்கு விடும்.

மீசைக்காரர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். “கயிறு கட்டாதீங்க.” மவுண்ட் விட்டாலும் கேமரா விழாமலிருக்க ஒரு மெல்லிய நைலான் கயிறு வருமே, அதைத்தான் சொன்னார். ஏன் என்று கேட்டேன். “விழுந்தா விழட்டும் தம்பி. தலையப் பாருங்க.”

அவர் சொன்னது புரிய எனக்கு ஹெல்மெட்டின் கதை தேவைப்பட்டது. 1935 மே மாதம், இங்கிலாந்தில், ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று பெயர் பெற்ற டி. இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டு, நினைவு திரும்பாமலே ஆறு நாளில் இறந்தார். தலையில் கவசம் இல்லை. அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவைச் சிகிச்சை நிபுணரும் இருந்தார். அதன்பின் அவர் ராணுவத்து மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக் காயங்களை எண்ணத் தொடங்கினார். 1941இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை எழுதினார். அதே ஆண்டு அந்த நாட்டு ராணுவம் தன் மோட்டார் சைக்கிள்காரர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2015 ஜூலை 1 அன்று கட்டாயமானதற்கும் தொலைவில் இருக்கிற வேர் அதுதான்.

ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். அது பாதி வேலை. மீதிப் பாதி வழவழப்பான வெளி ஓட்டுக்கு. தலை சாலையில் பட்டதும் அது வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்கேயாவது மாட்டிக்கொண்டால் தலை சுழலும். மூளைக்கு நேரடி அடியைவிட அந்தச் சுழற்சி பொல்லாதது. அதனால்தான் அமெரிக்காவின் ஹெல்மெட் விதி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கெட்டியான எதுவும் 5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஐரோப்பாவில் 2021 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த 22.06 விதி, சாய்ந்த தளத்தின்மேல் ஹெல்மெட்டை மோதவிட்டு அது எவ்வளவு சுழல்கிறது என்று அளக்கிறது. தயாரிப்பாளரே தருகிற இணைப்புகளையும் சேர்த்தே சோதிக்கச் சொல்கிறது. என் கேமரா தாடையிலிருந்து ஆறேழு செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தது. எந்த விதிக்கும் அது பொருந்தாது.

2013 டிசம்பர் 29 அன்று பிரான்ஸின் மெரிபெல் பனிமலையில் கார்ப் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் சறுக்கி விழுந்து பாறையில் தலை மோதியபோது அவர் ஹெல்மெட்டில் கேமரா இருந்தது. அதில் பதிவான காட்சியை விசாரணைக்காரர்கள் ஆராய்ந்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில், காயத்துக்குக் காரணம் அந்தக் கேமராவின் மவுண்ட்தான் என்ற பொருளில் பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஒருவர் வானொலியில் பேச, கோப்ரோவின் பங்கு ஒரே நாளில் பத்து சதவீதத்தை ஒட்டிச் சரிந்தது. அது தன் சொந்தக் கருத்து மட்டுமே என்று அவர் பின்னர் விளக்கினார். நிரூபணம் ஆகாத ஒரு பேச்சு. ஆனால் அந்த ஒரு நாளில், ஹெல்மெட்டில் ஒட்டியிருக்கும் துண்டைப் பற்றி உலகமே முதல்முறையாக யோசித்தது. 2022 ஆகஸ்டில் கேரள மோட்டார் வாகனத் துறை ஹெல்மெட்டில் கேமரா பொருத்தக் கூடாது என்று அறிவித்தது. மீறினால் 1,000 ரூபாய் அபராதம், லைசென்ஸ் மூன்று மாதம் வரை நிறுத்தம் என்றது. அதனால் வால்பாறையிலிருந்து சாலக்குடிப் பக்கம் இறங்குகிற நம் பையன்கள் மளுக்கப்பாறை சோதனைச்சாவடிக்கு முன்பே கேமராவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார்கள். வெறும் மவுண்ட் மட்டும் தாடையில் சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

நானும் கயிறு கட்டவில்லை. சில மாதம் கழித்துக் கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எல்லாம் சரி. இறங்கும்போது, முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையில் ஏதோ ஒரு வளைவில், மேலே இருந்து மண் சரிந்து கிடந்தது. வேகம் இருபதுகூட இருக்காது. முன்சக்கரம் வழுக்கியது. நான் நிதானமாக, யாரோ படுக்க வைத்ததுபோல், வலப்பக்கம் சாய்ந்தேன். கன்னமும் தாடையும் தார்ச் சாலையில் உரசிக்கொண்டு ஓர் ஆள் நீளம் போயின. ‘டக்’ என்று ஒரு சத்தம், காதுக்கு மிக அருகில். அவ்வளவுதான். தலை திரும்பவில்லை, கழுத்து பிடித்துக்கொள்ளவும் இல்லை.

எழுந்து உட்கார்ந்து தடவிப் பார்த்தேன். மவுண்ட் இருந்தது. கொக்கியின் மூன்று விரல்களில் இரண்டு முறிந்திருந்தன. கேமரா ஓரக்கல்லின் அடியில் மல்லாந்து கிடந்தது. கூட வந்த மச்சான் அதை எடுத்து வந்து, “இன்னும் ஓடிட்டிருக்கு மாப்ள” என்றான். ராத்திரி நாமக்கல் லாட்ஜில் போட்டுப் பார்த்தோம். வளைவு, மண், சாய்கிற அடிவானம், ஒரு கறகற சத்தம். பிறகு நான்கு நிமிடம் ஒரு பலா மரத்தின் கிளைகளும் அவற்றின் நடுவே வானமும். யாரோ “அடி பட்டுச்சா?” என்று கேட்கும் குரல். அந்த நான்கு நிமிடத்தை மட்டும் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஒருமுறை அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது. உள்ளே நசுங்கிய தெர்மாகோல் எழுந்திருக்காது, வெளியே தெரியவும் தெரியாது. புதிது வாங்கினேன். பழையதைத் தூக்கிப்போட மனசில்லாமல் பரணில் ஏற்றியிருந்தேன். இப்போது காயலான் கடைக்காரர் வாசலில் நிற்கிறார் என்று இறக்கினேன்.

ஹேர் டிரையரை மறுபடி இரவல் வாங்கினேன். மவுண்டின் ஓரத்தைச் சுட வைத்தேன். தூண்டில் நரம்பு ஒரு முழம் எடுத்து இரண்டு கையிலும் சுற்றி, மவுண்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் விட்டு, ரம்பம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்தேன். முதலில் அசையவில்லை. பிறகு நுரை மெல்ல அறுபட ஆரம்பித்தது. கால் மணி நேரத்தில் துண்டு கையோடு வந்தது. ஓட்டில் மிஞ்சிய பசையைக் கட்டைவிரலால் உருட்ட உருட்ட, அழுக்கு உருண்டைகளாக உதிர்ந்தது. அடியில், ஒரு தீப்பெட்டி அளவுக்கு, ஹெல்மெட் வாங்கிய நாளின் கறுப்பு அப்படியே இருந்தது. பென்சிலில் நான் போட்ட நான்கு மூலைக் குறியும்.

வேறு யாரும் எடுத்துத் தலையில் போட்டுவிடக் கூடாதென்று ஹெல்மெட்டின் பட்டையைக் கத்தரியால் வெட்டினேன். “இதுக்கு எடை கிடையாது சார்” என்றார் காயலான் கடைக்காரர். சும்மாவே கொடுத்துவிட்டு, மவுண்டைத் திருகாணி டப்பாவில் போட்டு மூடினேன்.